ஒரகடத்தில் வேலை, அண்ணா நகரில் வீடு: இடம்பெயரும் நம் குடும்பங்கள் எதை விட்டுச் செல்கின்றன?

அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வந்தால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அண்ணா நகர், முகப்பேர், போரூர் பகுதிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று அவை பிரிந்து செல்கின்றன. அந்த பஸ்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேலப்பாளையத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்து, பொறியியல் படித்து, தர ஆய்வாளராகவும் உற்பத்திப் பிரிவு மேலாளராகவும் உயர்ந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய தகப்பனார்களில் பலர் இருபது வருடம் வளைகுடாவில் கழித்தவர்கள். மகனோ மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அல்ஹம்துலில்லாஹ், இது ஒரு பெரிய மாற்றம்.

இந்தத் தலைமுறை இப்போது வீடு தேடுகிறது. மண்ணடியின் சந்திலோ, ஐஸ்ஹவுஸின் மாடிப்படியிலோ, ஊரின் பெரிய தெருவிலோ அல்ல. மரங்கள் நிற்கும் சாலை, பிள்ளைகள் ஓடி விளையாடப் பூங்கா, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்காத வாழ்க்கை ஆகியவையே இவர்கள் கேட்பது. இந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இந்த இடப்பெயர்ச்சி நம் சமுதாயத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நாம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதற்கான முயற்சியே இந்தக் கட்டுரை.

தொழிற்சாலை வந்தது, ஊர் வரவில்லை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் செயின்ட் கோபைன், நோக்கியா, சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் நிரம்பியது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010இலும், டெய்ம்லர் 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் வந்தன. கால் நூற்றாண்டுக்குள் ஏரிப் பாசனக் கிராமங்கள் உலகம் அறிந்த தொழில் மண்டலமாகிவிட்டன.

ஆனால் இவ்வளவு பெரிய தொழில் மண்டலத்துக்கு ஏற்ற ஊர் ஒன்று அங்கே உருவாகவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்பது ஆண்டுக்கணக்கில் பேசப்படும் திட்டமாகவே இருக்கிறது. அரசு தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுத்தது, சாலை போட்டது, மின்சாரம் கொடுத்தது. குடும்பங்கள் வாழ்வதற்கான திட்டமிட்ட குடியிருப்பை அதே வேகத்தில் அமைக்கவில்லை. அந்த இடைவெளியில் தனியார் மனைப் பிரிவுகளும் சுற்றுச்சுவர் போட்ட பெரிய குடியிருப்பு வளாகங்களும் வந்தன. பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபிறகு, மனை விளம்பரங்களில் அந்தப் பெயர் இல்லாத விளம்பரமே இல்லை என்றாகிவிட்டது.

இன்று நாம் ஆசையோடு பார்க்கும் அண்ணா நகர் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது முள்ளம், நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்த இடம். 1968இல் அங்கே சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதன் நினைவாகத்தான் கோபுரப் பூங்கா நிற்கிறது. வீட்டு வசதி வாரியம் திட்டமிட்டு, அகலமான சாலைகள் விட்டு, பூங்காக்களுக்கு இடம் ஒதுக்கி அந்த நகரை உருவாக்கியது. அங்குள்ள மர நிழல் தானாக வளர்ந்ததல்ல. அரசு முடிவெடுத்ததால் வந்தது. அப்படியொரு முடிவு ஒரகடத்துக்காக எடுக்கப்படாததால்தான், அங்கே சம்பாதிப்பவர் சென்னையின் பழைய மர நிழலைத் தேடி நாற்பது கிலோமீட்டர் வருகிறார். வாடகையும் மனை விலையும் அந்த நிழலுக்குச் சேர்த்துத்தான் வாங்கப்படுகின்றன.

பெயர் கேட்டதும் மாறும் குரல்

பணம் இருந்தால் போதும் என்று நினைத்து வீடு தேடத் தொடங்கும் நம் சகோதரர்கள் சொல்லும் அனுபவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொலைபேசியில் பேசும்போது வீடு காலியாக இருக்கும். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம், எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் திருப்தியாக இருக்கும். கடைசியில் “சார், உங்க பேரு?” என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் இரண்டு விநாடி மௌனம். பிறகு “ஓனர் கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார் புரோக்கர். அந்த அழைப்பு வராது. சிலர் நேராகவே “சைவம் சாப்பிடுறவங்களுக்குத்தான்” என்று சொல்லிவிடுகிறார்கள். உணவைச் சொல்லி மார்க்கத்தையும் சாதியையும் ஒரே சமயத்தில் வடிகட்டும் சொல் அது. நமக்கு மூடப்படும் அதே கதவு தலித் குடும்பங்களுக்கும் மூடப்படுகிறது.

இது நம் மனக்குறை மட்டுமல்ல. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையே, முஸ்லிம்கள் தாம் விரும்பும் இடத்தில் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முடியாத நிலை இருப்பதைப் பதிவு செய்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டெல்லி வட்டாரத்தில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி வீட்டு உரிமையாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முஸ்லிம் பெயருள்ளவர்களுக்குத் திரும்ப வந்த அழைப்புகள் தெளிவாகக் குறைந்தன. இந்தியா முழுவதும் சுமார் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளின் விவரங்களை அலசி 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நகரங்களில் வாழும் முஸ்லிம்களில் 26 சதவீதம் பேர், 80 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்களே இருக்கும் பகுதிகளில் வாழ்வதாகச் சொன்னது. அப்படிப்பட்ட பகுதிகளுக்கு அரசுப் பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் குறைவாகவே சென்று சேர்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு. முழுக்க முஸ்லிம்களே வாழும் பகுதியில் வளரும் பிள்ளைக்கு, முஸ்லிம்களே இல்லாத பகுதியில் வளரும் பிள்ளையைவிட இரண்டு வருடப் படிப்பு குறைகிறது என்கிறது அந்த ஆய்வு.

இந்தக் கடைசி வரியை நம் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். “ஏன் நம்ம ஆளுங்க இருக்கிற இடத்தை விட்டுப் போகணும்?” என்று இளைஞர்களைக் கேட்கும்போது, அவர்கள் ஓடுவது பெரும்பாலும் தீனை விட்டு அல்ல. குப்பை அள்ளப்படாத தெருவையும் ஆசிரியர் இல்லாத பள்ளியையும் விட்டுத்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மதம், சாதியைக் காட்டி அரசு பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. கடை, உணவகம், பொதுக் கிணறு போன்ற இடங்களில் தனியாரும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. பெயரைக் கேட்டு மறுப்பவரை அது எதுவும் கேட்பதில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

அதே குஜராத்தில், வதோதராவின் ஹர்ணி பகுதியில், முதலமைச்சர் வீட்டு வசதித் திட்டத்தின் 462 வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒரேயொரு முஸ்லிம் பெண்ணுக்கு 2017இல் வீடு ஒதுக்கப்பட்டது. அவர் ஓர் அரசு ஊழியர். அவர் அங்கே குடியேறக் கூடாது என்று குடியிருப்போர் நடத்திய போராட்டம் 2024 ஜூனில் நாடு முழுவதும் செய்தியானது. தமிழ்நாடு இந்த நிலைக்கு வரவில்லை என்பதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் திறந்திருந்தன. நம் இளைஞர்கள் படகில் போய்க் காப்பாற்றிய வீடுகளில் எந்த மதத்தவர் என்று யாரும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டபின்பும் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுக்கும் ஹிந்து, கிறிஸ்தவ உரிமையாளர்கள் இந்த நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த நல்லெண்ணத்தை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் நல்லெண்ணம் இருக்கிறது என்பதற்காகச் சட்டம் வேண்டாம் என்று ஆகாது.

அமெரிக்காவும் பிரிட்டனும் 1968இலேயே இனத்தைக் காட்டி வீடு மறுப்பதைச் சட்டத்தால் தடுத்தன. நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், அரசு அடுக்குமாடிகளில் எந்த இனமும் தனியே குவிந்துவிடாதபடி 1989இலிருந்து அளவு வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தில், 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்களுக்கு 10 என்று ஒதுக்கி, ஒரே தெருவில் குடிவைத்தார்கள். கிராமத்தில் இதைச் செய்த அரசு, தொழில் மண்டலத்தில் உருவாகும் புதிய குடியிருப்புகளில் ஏன் செய்யக் கூடாது என்று நாம் கேட்கலாம்.

வட்டியைத் தவிர்ப்பவரின் சங்கடம்

“வாடகைக்குத் தரவில்லை என்றால் சொந்தமாக வாங்கிவிடுங்கள்” என்று சொல்வது எளிது. வங்கிக் கடன் என்றாலே வட்டி. அதில் விழக் கூடாது என்று பேணுதலாக இருக்கும் குடும்பம் அதிக காலம் வாடகை வீட்டிலேயே இருக்கிறது. அதனால் பெயரைக் கேட்டு மூடும் கதவுகளை மற்றவர்களைவிட அதிக முறை அது சந்திக்கிறது. மார்க்கத்தைப் பேணுபவருக்கே இந்தச் சுமை இரட்டிப்பாகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

வட்டியில்லா வங்கிமுறை வேண்டும் என்று 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2017இல் அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் போக்கியம் அல்லது ஒத்தி முறையை நம்மில் பலர் சுலப வழியாக எடுக்கிறார்கள். கொடுத்த கடனுக்கு ஈடாக ஆதாயம் பெறுவதாக அது ஆகிவிடும் என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். ஒப்பந்தம் போடுமுன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

மார்க்கத்தைத் தாண்டி உலகியல் கணக்கும் ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிவிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. எட்டு வருடம் ஓடிய தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி இருபது வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் காரையும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் பார்த்து, தாங்க முடியாத செலவைத் தலையில் ஏற்றிக்கொள்வது பேராசையின் வாசல்.

மஹல்லாவில் விழும் வெற்றிடம்

இனி நம் பக்கக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிமின் வாழ்க்கை மஹல்லாவோடு பின்னிப் பிணைந்தது. நிக்காஹ் பதிவேடும் ஜமாஅத் கடிதமும் மக்தப் மதரஸாவும் குடும்பப் பிரச்சினையில் பேசித் தீர்க்கும் பெரியவர்களும் அங்கேதான். கடைசியில் மையவாடியில் ஆறடி மண்ணும் அங்கேதான். மரங்கள் சூழ்ந்த பகுதிக்குப் போன பலர் ஐந்து, பத்து வருடம் எந்த ஜமாஅத்திலும் சேராமல் இருக்கிறார்கள். மகளுக்கு நிக்காஹ் பேசும்போதோ வீட்டில் ஒரு ஜனாஸா விழும்போதோதான் “நாம் எந்த மஹல்லா?” என்ற கேள்வி வருகிறது. அந்த நேரத்தில் தெரியாத பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

போனவருக்கு இது என்றால், விட்டுச் சென்ற மஹல்லாவின் இழப்பு வேறு. படித்தவர், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கத் தெரிந்தவர் முதலில் வெளியேறுகிறார். அவருடைய பிள்ளையோடு படித்து முன்னேறியிருக்கக் கூடிய பத்துப் பிள்ளைகளுக்கு முன்மாதிரி இல்லாமல் போகிறது. தெரு இன்னும் பின்தங்குகிறது. அதைப் பார்த்து அடுத்தவரும் கிளம்புகிறார்.

மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிவாசலுக்குத் தூரத்தில் குடியிருந்தார்கள். பள்ளிக்கு அருகில் குடிமாற விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள்; பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்பதை உணர்த்தினார்கள். மதீனாவின் ஓரப்பகுதிகள் வெறிச்சோடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியின் அறிவிப்பில் வருகிறது. குடிமாறும் முடிவு தனிமனித வசதியோடு முடிவதில்லை, ஊரின் நலனும் அதில் உண்டு என்ற பாடம் இதில் இருக்கிறது. அதற்காக யாரும் இடம்பெயரவே கூடாது என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. ஹிஜ்ரத்தும் நம் வரலாறுதான். மக்காவிலிருந்து வந்தவர்களையும் மதீனாவாசிகளையும் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்ததுபோல, போகிற இடத்தில் உறவையும் விட்டுவந்த இடத்தில் பொறுப்பையும் வைத்துக்கொள்வதே வழி.

பஸ்ஸில் இடம் இல்லாதவர்கள்

மர நிழலைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தொழில் மண்டலத்தில் தங்கும் விடுதிகளிலும் தகரக் கூரை அறைகளிலும் வாழ்பவர்களை மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு ஒவ்வாமையால் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களான 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி மறியல் செய்தது உலகச் செய்தியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது தனியாகத் தங்கும் பெண்களுக்கானது. ஒரு தொழிலாளி மனைவி, மக்களோடு தன் சம்பளத்துக்குள் வாழும் வீடு இன்னும் அரிதாகவே இருக்கிறது.

வடமாநிலங்களிலிருந்து வந்து கட்டட வேலையும் ஒப்பந்த வேலையும் செய்யும் முஸ்லிம்களை ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் பார்க்கிறோம். ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அவர்களுக்கு அறை கிடைக்கிறதா என்று கேட்பதில்லை. இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளராக இருக்கும் நம்மவர்களிலேயே “ஹிந்திக்காரனுக்குத் தரமாட்டேன்” என்பவரும், சாதியைச் சுற்றிவளைத்து விசாரிப்பவரும் இருக்கிறார்கள். அண்ணா நகரில் நமக்கு நடந்தது அநியாயம் என்றால், நம் மாடிப் போர்ஷனில் நாம் செய்வதற்கு என்ன பெயர்?

என்ன செய்யலாம்?

முதலாவது, வீடு மாறும் குடும்பம் சாமான் இறங்கிய முதல் மாதத்திலேயே அருகிலுள்ள பள்ளிவாசலில் பதிவு செய்து, சந்தா கட்டி, பிள்ளைகளை மக்தபில் சேர்க்க வேண்டும். பழைய மஹல்லாவோடு உள்ள தொடர்பையும் அறுக்கக் கூடாது. ஜகாத்தில் ஒரு பங்கு அங்கே போகட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்ட ஒதுக்கலாம். ஒரகடத்தில் எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஐடிஐ படிப்புக்கு மதிப்பு உண்டு என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் வெளியூர்க் குடும்பங்களுக்கான தனிப் பதிவேடு தொடங்க வேண்டும். சந்தா எவ்வளவு, மையவாடி உரிமை எப்படி, நிக்காஹுக்கு என்ன கடிதம் வேண்டும் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதிச் சங்கடம் தீரும். ஷிப்ட் மாறும் தொழிலாளர்களுக்கு ஏற்றபடி மதரஸா நேரத்தையும் யோசிக்கலாம். வண்டலூரில் 1984 முதல் இயங்கும் கிரசென்ட் போன்ற நம் கல்வி நிறுவனங்கள் இந்தச் சாலையின் ஒரு முனையிலேயே இருக்கின்றன. அவற்றின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் வாடகை வழிகாட்டி மையம் ஒன்றை நடத்துவது பெரிய காரியமல்ல.

மூன்றாவது, அரசிடம் கேட்க வேண்டியது. சச்சார் குழு பரிந்துரைத்த சமவாய்ப்பு ஆணையம் இன்றும் காகிதத்தில்தான் இருக்கிறது. வாடகைச் சட்டத்தில் மதம், சாதி, உணவுப் பழக்கம் ஆகியவற்றைக் காட்டி மறுப்பதற்குத் தடை சேர்க்க வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கலாம். தலித் அமைப்புகளோடு சேர்ந்து கொடுத்தால் அதன் வலிமையே வேறு. தொழில் மண்டலத்தில் பூங்காவோடும் பள்ளியோடும் கூடிய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளைக் கேட்பதும் இதில் அடங்கும்.

நான்காவது, மனை வாங்குபவர்கள் விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஏரிகள் நிறைந்த பூமி இது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தோம். நில வகைப்பாட்டையும் நீர்வழியையும் பார்த்து, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, அண்டை வீட்டார் உரிமை. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆவது வசனம், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. புதிய குடியிருப்பில் நம் வீடு ஒன்றுதான் முஸ்லிம் வீடு என்றால், அங்குள்ளவர்களுக்கு இஸ்லாம் என்பது நம் குடும்பம்தான். வாகனம் நிறுத்துவதிலும் குர்பானிக்குப் பிறகு சுத்தம் பேணுவதிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போவதிலும் நாம் நடந்துகொள்ளும் விதமே, அடுத்து வரும் முஸ்லிம் குடும்பத்துக்குக் கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும். அந்தச் சுமையை நம்மீது மட்டும் ஏற்றுவது நியாயமில்லைதான். ஆனாலும் அது நமக்கு இபாதத்தாகவும் ஆகிறது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு தர்மமாகிறது என்பது நபிமொழி. நிழலைத் தேடிப் போகும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. அதோடு, நாம் விட்டுவந்த தெருவிலும், ஒரகடத்தின் தகரக் கூரை அறைகளுக்குப் பக்கத்திலும், பள்ளிவாசலின் வெற்றிடத்திலும் ஆளுக்கொரு வேப்பங்கன்றை நட்டுவிட்டுப் போகலாம். பத்து வருடம் கழித்து நம் பிள்ளைகள் நிழலைத் தேடி இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, இன்ஷா அல்லாஹ்.

நம் வீடுகளை அமைதி தரும் இடங்களாகவும், நம் அண்டை வீட்டாரை நல்லவர்களாகவும், நம்மை அவர்களுக்கு நல்லவர்களாகவும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.